அனோரெக்ஸியாவும் அனோரெக்ஸியா நெர்வோசாவும் ஒண்ணு இல்லைங்க

ரிப்போர்ட்ல 'அனோரெக்ஸியா'ன்னு பார்த்ததும் நிறைய பேர் மனநோய்னு பயந்துடறாங்க. வெறும் அனோரெக்ஸியான்னா பசியின்மை, அவ்ளோதான். கிரேக்கத்துல 'அன்'னா இல்லாம, 'ஒரெக்ஸிஸ்'னா பசி, ஆசை. இது ஒரு அறிகுறி மட்டும்தான், காய்ச்சல், ஈரல் பிரச்சனை, கிட்னி கோளாறு, புற்றுநோய், சில மாத்திரைங்கன்னு எதுல வேணா வரலாம். உடம்பு கிருமியோட சண்டை போடும்போது சைட்டோகைன்னு சில பொருள் ரத்தத்துல கூடும், அது மூளைக்குப் போய் பசியை அடக்கிடும், அதான் தட்டைப் பார்த்தாலே குமட்டுது, ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது. காரணத்தை சரி பண்ணா பெரும்பாலும் பசி தானா திரும்பும்.

அனோரெக்ஸியா நெர்வோசா வேற கதை, அதுதான் மனநோய். 1873-ல லண்டன் டாக்டர் வில்லியம் கல் இந்தப் பேரைக் கொண்டுவந்தார், அதே வருஷம் பிரான்ஸ்ல லசேக்ங்கிற டாக்டரும் இதே நோயைப் பத்தி எழுதினார். என்னைக் கேட்டா பேரே கொஞ்சம் தப்பு, ஏன்னா இந்த நோய் இருக்கறவங்கள்ல நிறைய பேருக்கு பசி நல்லாவே எடுக்கும், எடை கூடிடுமோங்கிற பயத்துல அதை அடக்கிக்கிட்டே இருப்பாங்க, எலும்பு தெரிய மெலிஞ்சாலும் கண்ணாடியில குண்டாதான் தெரியறேன்னு நம்புவாங்க. தயவுசெஞ்சு இதை பிடிவாதம்னு திட்டாதீங்க, இதயத் துடிப்பு குறைஞ்சு உயிருக்கே ஆபத்தாகிற நோய் இது. பசி தூண்டுற டானிக் இதுக்கு வைத்தியம் ஆகாது, மனநல டாக்டரும் டயட்டீஷியனும் சேர்ந்து பார்க்கணும்.