விண்டோஸ் 10-க்குக் கண்ணீர் அஞ்சலி போட்டு என்னிடம் வாங்கிய 380 வெள்ளி (ரிங்கிட்)

மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருப்பவர்கள் யாராவது 2025 அக்டோபரில் மடிக்கணினியை "விண்டோஸ் மாத்த" என்று கடையில் கொடுத்து வாங்கியிருந்தால், இதைப் படித்துவிட்டு இன்றைக்கே அதைத் திறந்து பாருங்கள். எனக்கு நடந்தது உங்களுக்கும் நடந்திருக்கலாம். எனக்கே எட்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

எங்கள் தாமான் (குடியிருப்பு) புலனக் குழுவில், அதாவது வாட்ஸ்அப் குழுவில், வந்த ஒரு படத்தில் ஆரம்பித்தது இது. நாளிதழில் வருகிற கண்ணீர் அஞ்சலி மாதிரியே செய்திருந்தார்கள். மாலை போட்ட மடிக்கணினி, பக்கத்தில் குத்துவிளக்கு, கீழே "விண்டோஸ் 10, தோற்றம் 29.7.2015, மறைவு 14.10.2025" என்று எழுத்து. கணினியை ஓட்டுகிற மைக்ரோசாஃப்டின் மென்பொருள்தான் விண்டோஸ். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என்னிடம் டியூஷன் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் குழுவுக்கும் அனுப்பி வைத்தேன். அன்று ராத்திரியே இரண்டு பேர் கேட்டார்கள்: "டீச்சர், அப்போ நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர் இனி ஓடாதா?" எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை நான் ஏன் பரப்பினேன் என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

ஏனென்றால் அதே படம் இரண்டு நாள் கழித்து டவுனில் ஒரு கணினிக் கடையின் கண்ணாடியில் பெரிதாக ஒட்டியிருந்தது. மறைவுத் தேதிக்குக் கீழே சிவப்பில் "கடைசி நாள்" என்று சேர்த்திருந்தார்கள். அங்கே அது சிரிப்பதற்காக ஒட்டியது இல்லை.

அக்டோபர் 11, சனிக்கிழமை. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது, ஐந்தாம் படிவப் பிள்ளைகளின் எஸ்பிஎம் பரீட்சையும் நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கான பயிற்சித் தாள்கள் எல்லாம் அந்த மடிக்கணினியில்தான். கடைக்காரத் தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, பதினாலாம் தேதிக்கு அப்புறம் இது ஓப்பன் ஆகாது. ஆனாலும் பேங்க் உள்ள போக முடியாது. பெருநாள் நேரத்துல மாட்டிக்காதீங்க." ஒரிஜினல் லைசென்ஸ் 250, கூலி 80, உள்ளே இருப்பதை எல்லாம் பத்திரமாகக் காப்பி எடுக்க 50. மொத்தம் 380 வெள்ளி. கொடுத்தேன். ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டு தந்தார். அதில் "லேப்டாப் சர்வீஸ் 380" என்பதைத் தவிர எதுவும் இல்லை. என்ன செய்யப் போகிறார், எதை மாற்றப் போகிறார் என்று அங்கேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை மடிக்கணினி திரும்பி வந்தது. புதுத் தோற்றம், அழகாகத்தான் இருந்தது. டியூஷன் தாள்கள் திரையில் முன்னாலேயே இருந்தன. அச்சடித்துக் கொடுத்தேன், வேறு எதையும் பார்க்கவில்லை. கொஞ்சம் இழுத்துக்கொண்டு ஓடியது. புதுசு என்பதால் அப்படித்தான் போல என்று விட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு மறுநாள் உறவினர்கள் வந்திருந்தார்கள். அம்மா, "அப்பா படத்தக் காட்டேன்மா" என்றார்.

அந்தப் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா ரப்பர் இருந்த காலத்தில் பால் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறியதும் குலை வெட்டப் போனார். நாங்கள் இருந்த லயத்தை (தொழிலாளர் வீட்டு வரிசையை) இடித்து, இப்போது அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. அந்த வீடு, வாசலில் இருந்த முருங்கை, தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதி, அப்பா சைக்கிளில் பால் வாளியோடு நிற்பது, இதெல்லாம் ஆல்பத்தில் இருந்தவை. 2019-இல் நான் ஒவ்வொன்றாக ஸ்கேன் எடுத்தேன். 412 படங்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து யார் யார் என்று சொல்லச் சொல்ல, பெயரைத் தட்டச்சு செய்து சேமித்தேன். பிறகு ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டது. 2021-இல் அப்பாவும் போய்விட்டார். அந்தப் படங்கள் மடிக்கணினியின் டி டிரைவில், அதாவது சேமிப்பில் தனியாகப் பிரித்து வைத்த பகுதியில், மட்டும்தான் இருந்தன.

டி டிரைவே இல்லை.

கடைக்குப் போன் செய்தேன். "நீங்க டெஸ்க்டாப்ல இருக்கறத மட்டும்தானே அக்கா சொன்னீங்க" என்றார். எல்லாவற்றையும் என்று சொல்லித்தான் 50 வெள்ளி வாங்கினார்.

அண்ணன் மகன் ஈப்போ பாலிடெக்னிக்கில் படிக்கிறான். பெருநாளுக்கு வந்தவன் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தான். "அத்தை, இத மேல தொடாதீங்க, எதையும் சேமிக்காதீங்க" என்றான் முதலில். புதிதாக ஏதாவது எழுதினால், அழிந்தவற்றின் மேலேயே அது போய் உட்கார்ந்துவிடுமாம். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான்.

என் மடிக்கணினி 2017-இல் வாங்கியது, இன்டெல் ஏழாம் தலைமுறைச் சில்லு (சிப்). விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறை முதல்தான் மைக்ரோசாஃப்ட் கணக்கில் எடுக்கிறது. டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புப் பகுதியும் வேண்டும். என் மடிக்கணினி அந்தத் தகுதியில் இல்லை. தகுதிச் சோதனையைத் தாண்டிக் குதிக்கிற வழியில் ஏற்றியிருக்கிறார்கள். அப்படி ஏற்றினால் ஓடும், ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்பு வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. நான் காசு கொடுத்தது அந்தப் பாதுகாப்புக்குத்தான்.

லைசென்ஸ் ஒரிஜினலும் இல்லை. அவன் ஏதோ கட்டளை அடித்துக் காட்டினான். 180 நாளில் முடிகிற தேதி ஒன்று வந்தது. பெரிய நிறுவனங்களின் கணினிகளுக்கு என்று இருக்கிற முறையைப் போலியாக நடிக்க வைக்கிற கள்ள மென்பொருளாம். அதை உள்ளே விடுவதற்காக விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பையே நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் அந்த எட்டு நாளும் அதே கணினியில் பேங்க் கணக்கைத் திறந்திருக்கிறேன். கேட்டதும் கை நடுங்கியது. அன்றிரவே கடவுச்சொல் எல்லாவற்றையும் கைப்பேசியிலிருந்து மாற்றினோம்.

அப்புறம் ரேம், கணினி வேலை செய்யும்போது பயன்படுத்துகிற நினைவகம். 2020-இல் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, இணைய வகுப்புக்காக இன்னொரு 4 ஜிபி போட்டு 8 ஆக்கினேன். ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது 4 தான் காட்டியது. மறுநாள் அண்ணனோடும் அவர் மகனோடும் கடைக்குப் போய்க் கேட்டால், "விண்டோஸ் 11 நாலு ஜிபி சாப்பிட்டுரும்க்கா, அதான் மிச்சம் நாலு காட்டுது" என்று கூசாமல் சொன்னார். பொருத்தியிருக்கிற மொத்த அளவு எந்த விண்டோஸ் போட்டாலும் குறையாது. அண்ணன் மகன் அங்கேயே பின்மூடியைக் கழற்றினான். இரண்டு இடத்தில் ஒன்று காலி. கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஏழு நாள்தான் வாரன்டி" என்றார்.

உண்மையில் அக்டோபர் 14 அன்று நடந்தது என்ன தெரியுமா? விண்டோஸ் 10-க்கு மாதாமாதம் இலவசமாக வந்த பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றது, அவ்வளவுதான். கணினி வழக்கம்போல் திறக்கும். கோப்புகள் அப்படியே இருக்கும். புதுப்பிப்பு இல்லாமல் நாள் போகப் போக ஆபத்து கூடும் என்பது நிஜம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்கும் மைக்ரோசாஃப்ட் ஒரு வழி வைத்திருந்தது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்பு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமிக்க ஒத்துக்கொண்டால் அது இலவசம். அது வேண்டாம் என்றால் ஒரே முறை 30 அமெரிக்க டாலர். தகுதி உள்ள கணினியாக இருந்தால் விண்டோஸ் 11-க்கு மாறுவதும் இலவசம்தான். தகுதி இருக்கிறதா என்று பார்க்க மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலி போதும், அதற்கும் காசு இல்லை. என் மடிக்கணினிக்கு அமைப்புகள் பக்கத்தில் ஐந்து நிமிட வேலைதான் இருந்தது.

உங்களுடையதைப் பார்க்க, டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைத் திறங்கள். ரேம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று இருக்கும். வாங்கியபோது இருந்த அளவோடு ஒப்பிடுங்கள். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் வைரஸ் தடுப்பு ஓடுகிறதா என்றும் பாருங்கள். நிறுத்தியிருந்தால் அந்தக் கணினியில் பேங்க் பக்கம் போகாதீர்கள்.

நான் பயனீட்டாளர் (நுகர்வோர்) தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம், மூன்று வருடத்துக்குள் போட்டால் போதும். வழக்கு நடப்பதால் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை, கேட்டும் எழுதாதீர்கள். அந்தத் துண்டுச் சீட்டு, 2020 ரேம் ரசீது, காலி இடத்தை அங்கேயே எடுத்த படம், இவைதான் என் ஆதாரம். இதே மாதிரி உங்களிடமும் சீட்டு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

படங்களில் 137 திரும்பி வந்தன. பழைய மாதிரி ஹார்டு டிஸ்க் என்பதால் அவ்வளவாவது கிடைத்தது. ஆனால் மீட்கிற மென்பொருளுக்குப் பழைய பெயர்கள் தெரியவில்லை. எல்லாம் வெறும் எண்களாக வந்திருக்கின்றன. அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிய பெயர்கள் போய்விட்டன. அம்மா தினமும் சாயங்காலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "இது கிராணி வீட்டுக் கல்யாணம், இது உன் சின்னம்மா, இது யாருன்னு தெரியலயே" என்று சொல்கிறார். நான் மறுபடி எழுதுகிறேன், இந்த முறை பென்டிரைவிலும் ஒரு காப்பி வைக்கிறேன்.

தீமிதிப் படம் ஒன்றுகூட வரவில்லை. மூன்றாம் லயத்தில் எங்களோடு இருந்தவர்கள் இதைப் படித்தால், உங்கள் வீட்டு ஆல்பத்தில் 1980-களின் தீமிதிப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் வேட்டி கட்டி, கரகத்துக்குப் பக்கத்தில் நிற்கிற உயரமான ஆள் என் அப்பா. கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும், அம்மா பார்ப்பார்.