கண்புரை ஒப்பரேசனுக்குப் பிறகு கருவிழியில் கீறல்: கட்டா, களிம்பா, லென்ஸா?

ஒப்பரேசன் முடிந்து வன்னிக்குத் திரும்பிய ஆச்சி “கண்ணுக்குள்ள மண் கிடந்து அறுக்குது” என்றால், கருவிழியின் மேல்தோலில் கீறல் விழுந்திருக்கலாம். டொக்டர் சாயத்துளி விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் கீறல் பச்சையாக மின்னும். சின்னக் கீறல் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும். அதுவரை கண்ணை எப்படிக் காப்பது என்பதற்கு மூன்று வழி உண்டு.

பஞ்சு வைத்துக் கட்டுவது பழைய வழி. சாதாரணக் கீறல்களில் நடந்த 12 பரிசோதனைகளை 2016இல் கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு அலசியது. கட்டியதால் வேகமாக ஆறியதாகவோ நோவு குறைந்ததாகவோ தெரியவில்லை. ஒப்பரேசன் செய்தவருக்குக் கட்டு இன்னும் தொல்லை: கட்டை அவிழ்க்காமல் மருந்து விட முடியாது. மற்றக் கண்ணில் புரை இருந்தால், தெரிகிற கண்ணையே மூடியதாகிவிடும். இரவில் முற்றத்தைத் தாண்டி மலசலகூடத்துக்குப் போகிறவர் தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். டொக்டர் காரணத்தோடு சொன்னாலொழிய நான் கட்டுக்குச் சம்மதிக்க மாட்டேன்.

நோவைச் சட்டென்று தணிப்பதில் மிருதுவான கட்டு லென்ஸ், அதாவது கருவிழியின் மேல் டொக்டர் வைத்துவிடும் கொன்டாக்ட் லென்ஸ், கெட்டிக்காரன். இமை உரசாது, மேலேயே துளி மருந்தும் விடலாம். ஆனால் கிருமி தொற்றும் ஆபத்து உண்டு, சொன்ன நாளில் போய்க் காட்டிக் கழற்ற வேண்டும். பஸ் ஒழுங்காக வராத உள்ளூரில் இருப்பவருக்கு அது லேசல்ல. நெல் உமியோ இலையோ பட்டு வந்த கீறலென்றால் லென்ஸும் வேண்டாம், கட்டும் வேண்டாம். பூஞ்சணம் பிடித்தால் கண்ணே போகலாம். காலபோக அறுவடை நேரத்தில் சூடடிக்கும் இடத்துப் பக்கமே அவரை விடாதீர்கள்.

கண்ணைத் திறந்தே விட்டு அன்ரிபயோட்டிக் களிம்பு போடுவதுதான் எங்கள் பக்கத்துக்குப் பொருந்தும் என்பேன். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கீழிமையை மெல்ல இழுத்து, ரியூப்பின் நுனி படாமல் மெல்லிய கோடாக விட வேண்டும். வெட்டிய இடம் இன்னும் புதிது, விழியை அழுத்தக் கூடாது. கொஞ்ச நேரம் பார்வை மங்கும், அதனால் படுக்கப்போகும் முன் போடுவது நல்லது. துளி மருந்தும் இருந்தால் அதை முதலில் விட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் களிம்பு.

ஒப்பரேசனுக்குத் தந்த ஸ்டீரொய்ட் துளி கீறல் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம், ஆனால் அதுதான் உள்ளே இருக்கும் அழற்சியை அடக்குகிறது. நிறுத்துவதா குறைப்பதா என்று டொக்டரிடம் கேளுங்கள். கிளினிக்கில் விடும் மரத்துப்போகும் துளியை வீட்டுக்குக் கேட்காதீர்கள். திரும்பத் திரும்ப விட்டால் கருவிழி கெடும். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம்.

நோவு கூடிக்கொண்டே போய், கண் சிவந்து, பார்வையும் மங்கினால் அது வெறும் கீறலாக இல்லாமல் கண்ணுக்குள் கிருமி போனதாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல், ராத்திரியென்றாலும் வாகனம் பிடித்துக் கண் டொக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.