காரைக்குடிப் பக்கம் போகிறவர்கள் சாப்பாட்டுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்

செட்டிநாட்டுக்கே போய்விட்டு "சாப்பாடு ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை" என்று திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று பழைய செட்டியார் வீடுகளைப் பார்த்துக்கொண்டே சுற்றினால் மணி இரண்டாகிவிடும். அந்த நேரத்துக்குப் பசியோடு ஹைவேயில் கண்ணில் படுகிற பெரிய போர்டு கடையில் நுழைந்தால், முந்திரி விழுதும் சிவப்புக் கலரும் போட்ட ஒரே கிரேவிதான் கோழிக்கும் ஆட்டுக்கும் காளானுக்கும் வரும். எனக்கும் அப்படி ஒரு கடையில் வந்தது. கல்பாசி, மராட்டி மொக்கு மாதிரிச் செட்டிநாட்டு மசாலாச் சாமான்களின் வாசனை மருந்துக்கும் இல்லை. ஆனால் அதே வட்டாரத்தில்தான் நான் சாப்பிட்டதிலேயே நல்ல மதியச் சாப்பாடும் கிடைத்தது. முன்கூட்டிச் சொன்னோமா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

முதலில் காரைக்குடி 'தி பங்களா'. 1999-ல் விடுதியாகத் திறந்தது, மீனாட்சி மெய்யப்பன் வளர்த்தெடுத்த இடம். அங்கே தங்காதவர்களும் மதியம் சாப்பிடலாம், ஆனால் முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிவிட வேண்டும். வாழையிலைச் சாப்பாடு. விலை அதிகம், சாதாரண மெஸ்ஸில் ஒரு குடும்பமே சாப்பிடுகிற காசு ஒரு இலைக்கு ஆகும். நான் கொடுத்த காசுக்கு வருத்தப்படவில்லை. காரணம் கோழியோ நண்டோ இல்லை, வெண்டைக்காய் மண்டி. அரிசி களைந்த தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, மொச்சையோடு வெண்டைக்காயைக் கொதிக்க விட்டது. கழுநீர்தான் அதற்கு அந்த லேசான கொழகொழப்பைக் கொடுக்கிறது, தேங்காயும் கிடையாது, மசாலாப் பொடியும் கிடையாது. புளிப்பு முதலில் வந்து, பூண்டு பின்னால் வந்து, உறைப்பு கடைசியில் தொண்டையில் நிற்கும். செட்டிநாடு என்றாலே மிளகாய் என்று நினைக்கிறவர்கள் இதை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். பரிமாறுகிறவர்கள் இரண்டாம் தடவை கேட்டுக் கேட்டு வைக்கிறார்கள், அவசரப்படுத்துவதில்லை.

சரி, எல்லா வேளையும் அந்த விலைக்குச் சாப்பிட முடியாது. அப்புறம் மெஸ்கள்தான். நல்ல மெஸ்ஸைக் கண்டுபிடிக்க எனக்குப் போன் ஆப்பை விட முனீஸ்வரன் கோவில் தெரு உதவியது. பழைய வீடுகளின் கதவு, கண்ணாடி, எனாமல் தூக்குச்சட்டி எல்லாம் விற்கிற தெரு அது, கடைக்காரர்கள் நாள் முழுக்க அங்கேயே இருப்பவர்கள். "அண்ணே, மதியம் உங்களுக்குச் சாப்பாடு எங்கேயிருந்து வருது?" என்று கேளுங்கள். "நல்ல ஹோட்டல் எது" என்று கேட்டால் ஏசி இருக்கிற இடத்தைக் கைகாட்டுவார்கள், தாங்கள் சாப்பிடுகிற இடத்தைச் சொல்ல மாட்டார்கள். போன இடத்திலும் உட்காரும் முன் "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று ஒரு வார்த்தை. "எல்லாம் இருக்கு சார்" என்றால் நான் கிளம்பிவிடுவேன். "கறிக்குழம்பும் ரசமும்தான், காடை தீந்துபோச்சு" என்றால் தைரியமாக இலையைப் போடச் சொல்லலாம். அப்படி ஒரு மெஸ்ஸில் சமைக்கிற அக்கா கைகழுவப் போன என்னிடம் சொன்னார்: "நாட்டுக்கோழி வேணும்னா காலையில பத்து மணிக்குள்ள சொல்லிருங்க தம்பி, அதுக்கு மேல வாங்கி அடுப்புல வச்சா வேகாது." நாட்டுக்கோழி வேக நேரம் எடுக்கும், மிச்சம் வைத்து மறுநாள் சூடு பண்ணுகிற கடையும் அது இல்லை. மறுநாள் காலையில் சொன்னோம். மிளகாயும் சின்ன வெங்காயமும் நல்லெண்ணெயுமாக ஒரு உப்புக்கறி, கூட நாட்டுக்கோழி ரசம். இரண்டரை மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டார்கள்.

தங்குவதற்குக் கானாடுகாத்தான் பக்கம் என் ஓட்டு. காரைக்குடியிலிருந்து சுமார் 15 கி.மீ., 'செட்டிநாடு' என்ற பெயரிலேயே ரயில் நிலையம் உண்டு. 'விசாலம்' ஒரு தகப்பனார் மகளுக்காகக் கட்டிய வீடு, இப்போது சிஜிஎச் எர்த் என்கிற ஹோட்டல் நிறுவனம் நடத்துகிறது. கடியாபட்டி 'சிதம்பர விலாஸ்', கொத்தமங்கலம் 'சாரதா விலாஸ்' இரண்டும் இதே மாதிரி வீடுகள்தான். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரைக்கல், வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி அறைகள், அழகுக்கு எதிலும் குறை சொல்ல முடியாது. புக் பண்ணும்போது அறையின் படத்தை மட்டும் பார்க்காதீர்கள். வளவோரத்து அறைகள் அந்தக் காலத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும், சாமான் வைக்கவும் படுக்கவும் கட்டியவை, சில வீடுகளில் சின்னதாகவும் இருட்டாகவும் இருக்கும். வீட்டின் எந்தப் பகுதியில் அறை, ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் பெரிய வீடுகளிலும் அதே கதைதான். நாங்கள் தங்கிய இடத்தில், பெயர் வேண்டாம், முதல் நாள் காலையில் பிரெட்டும் ஆம்லெட்டும் வைத்தார்கள். வெளிநாட்டு விருந்தினர் கேட்பார்கள் என்று அதுவே பழக்கமாகிவிட்டது. ராத்திரியே சமையல்காரரைப் பார்த்து, "நாளைக்கு வெள்ளைப் பணியாரம் கிடைக்குமா அண்ணே?" என்றோம். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒரு டம்ளர் பச்சரிசி, அதன் தலைமேல் கோபுரமாக நிற்கிற அளவு உளுந்து, இரண்டையும் வெண்ணெய் மாதிரி ஆட்டிக் கரண்டியால் எண்ணெயில் ஒவ்வொன்றாக ஊற்றுவது. ஓரம் பூவாக விரிய வேண்டும், நிறம் மாறவே கூடாது. லேசாகச் சிவந்த ஒன்றை எங்கள் தட்டில் வைக்காமல் ஓரமாகத் தள்ளிவைத்தார். இடித்த வரமிளகாய்த் துவையலோடு சாப்பிட்டோம், கூடவே கறுப்புக் கவுனி அரிசி இனிப்பும் வந்தது. இந்தக் கைப்பக்குவம் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தும், கேட்காதவர்கள் பிரெட் தின்றுவிட்டுப் போகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

கல்யாண முகூர்த்தம் நெருக்கமாக வருகிற தை, ஆவணி நாட்களில் போவதாக இருந்தால் இரண்டு தடவை போன் பண்ணி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நல்ல சமையல்காரர்கள் கல்யாண வீடுகளுக்குப் போய்விடுவார்கள், சில வீடுகளைச் சொந்தக்காரர்களே விசேஷத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். இருட்டிய பிறகு கானாடுகாத்தானில் ஆட்டோ கிடைப்பது கஷ்டம், ராத்திரிச் சாப்பாட்டைத் தங்குகிற இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.