தொடர் தள்ளுபடிக் கணக்கு: சூத்திரமா, மீதிப் பெருக்கலா?

குரூப் 4 தேர்வுக்குப் படித்த நாட்களில் தொடர் தள்ளுபடிக் கணக்குக்கு மூன்று வழிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, கடைசியில் ஒன்றோடு நின்றுவிட்டேன். இப்போது அக்கா மகனுக்கு எட்டாம் வகுப்பில் 'வாழ்வியல் கணிதம்' பாடம் நடக்கிறது. "எது ஈஸி மாமா?" என்று நோட்டோடு வந்து உட்கார்ந்தான். அவனிடம் சொன்னதுதான் இது.

20 சதவீதமும் அதன்மேல் 10 சதவீதமும் சேர்ந்தால் 30 ஆகாது. இரண்டாவது தள்ளுபடி, ஏற்கெனவே குறைந்த விலையில்தான் விழுகிறது. இது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நான்கு விடைகளில் ஒன்றாக 30 உட்கார்ந்திருக்கும், அவசரக்காரர்களுக்காக.

முதல் வழி, விலையை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வது. நூறில் 20 போனால் 80, அதில் 10 சதவீதம் 8, மிச்சம் 72. ஆக 28 சதவீதம். முதன்முதலில் புரிந்துகொள்ள இதுவே போதும். எண்கள் முரண்டு பிடித்தால் படிக்குப் படி கழித்துக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான் குறை.

இரண்டாவது, சூத்திரம். இரண்டு சதவீதங்களையும் கூட்டு. இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்து, வந்ததைக் கழி. 30 கழித்தல் 2, விடை 28. நேரடியாகக் கேட்டால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. 'வாங்குபவருக்கு 40, 10 என்று தருவது லாபமா, 30, 20 என்று தருவதா?' என்ற கேள்விக்கு இன்றும் நான் சூத்திரத்தைத்தான் எடுப்பேன். இரண்டிலும் கூட்டுத்தொகை 50. கழிக்க வேண்டியது ஒன்றில் 4, மற்றதில் 6. முதலாவதில் 46, இரண்டாவதில் 44. வேலை முடிந்தது.

மூன்றாவதுதான் என் கட்சி. 'மீதிப் பெருக்கல்' என்பது நானே வைத்துக்கொண்ட பெயர். தள்ளுபடியை விட்டுவிட்டு, தள்ளுபடி போக என்ன மிஞ்சுகிறது என்று மட்டும் பார்ப்பது. 20 போனால் 0.8, 10 போனால் 0.9, பெருக்கினால் 0.72.

சூத்திரமும் இதுவும் ஒன்றுதானே, எதற்கு வம்பு என்று நானும் நினைத்தேன். ஒரு மாதிரித் தேர்வில் அடி விழுந்தது. '20%, 15% தொடர் தள்ளுபடிக்குப் பின் ஒரு பொருள் ரூ.3,400-க்கு விற்கப்பட்டது எனில், குறித்த விலை என்ன?' (குறித்த விலை என்றால், தள்ளுபடிக்கு முன் பொருளில் போட்டிருக்கும் விலை.) சூத்திரத்தில் போட்டேன்: 35 கழித்தல் 3, மொத்தம் 32 சதவீதம். கையில் 32 இருக்கிறது, விலையை மேலே கொண்டுபோக வேண்டும். 3,400-இல் 32 சதவீதத்தைக் கண்டுபிடித்துக் கூட்டினேன். 4,488. விடைகளில் அந்த எண்ணும் இருந்தது! சந்தோஷமாக அந்த வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

சரியான விடை 5,000. 32 சதவீதம் என்பது குறித்த விலையில். நான் அதை விற்ற விலையில் ஏற்றிவிட்டேன். சூத்திரத்தில் தப்பில்லை, 68 சதவீதம்தான் 3,400 என்று அதிலிருந்தே போயிருக்கலாம். ஆனால் அது கையில் கொடுத்துவிட்டுப் போகும் எண் 32. அதைப் பார்த்ததும் கூட்டவோ கழிக்கவோதான் கை போகிறது. மீதிப் பெருக்கல் கொடுப்பது 0.68. குறித்த விலை தெரிந்தால் பெருக்கு, விற்ற விலை தெரிந்தால் வகு. வேறு எதுவும் செய்யத் தோன்றாது. கேள்வியைத் தலைகீழாகத் திருப்பினாலும் நிற்குமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அப்புறம், கடைக்காரர் அடக்க விலைக்கு மேல் 40% ஏற்றிக் குறித்துவிட்டு 20%, 10% தள்ளுபடி தருகிறார் என்று ஒரு கணக்கு வரும். 1.4 × 0.8 × 0.9 = 1.008. தள்ளுபடிக்கு மேல் தள்ளுபடி கொடுத்தும் 0.8 சதவீதம் லாபம் பார்த்துவிடுகிறார். இதைச் சூத்திரத்தில் போட்டால் இரண்டு முறை போட வேண்டும். எங்கே கூட்டல், எங்கே கழித்தல் என்ற குழப்பம் வேறு. ஆறு மாதம் புத்தகத்தைத் தொடாமல் இருந்து திரும்பி வந்தபோது எனக்கு முதலில் மறந்திருந்தது அந்தக் குறிகள்தான்.

குரூப் 4-இல் 3 மணி நேரத்தில் 200 கேள்விகள், சராசரியாக ஒன்றுக்கு 54 நொடி. கணக்கும் அறிவுக்கூர்மையும் அதில் 25 கேள்விகள். தமிழ்ப் பகுதியை வேகமாக முடித்தவர்களுக்கு இங்கே நேரம் மிஞ்சும், அதனால் என் வழி எனக்குக் கட்டுப்படியானது. வங்கித் தேர்வு நான் எழுதியதில்லை. 20 நிமிடத்தில் 35 கணக்கு, தப்புக்குக் கால் மதிப்பெண் போகும் என்கிற இடத்தில் சூத்திரக்காரர்கள் என்னை முந்தக்கூடும்.

கடைக்குப் போனால் ஒரு விஷயம். சதவீதங்களை எந்த வரிசையில் போட்டாலும் தொகை மாறாது, பெருக்கல்தானே. ரூபாய்க் கூப்பன் நடுவில் வந்தால் மாறும். 2,000 ரூபாய்ச் சேலைக்கு 20% தள்ளுபடி, கையில் 200 ரூபாய்க் கூப்பன். தள்ளுபடி முதலில் என்றால் 1,400, கூப்பன் முதலில் என்றால் 1,440. பில் போடும் முன் கேட்டுவிடுங்கள்.

அக்கா மகனுக்கு 12½, 16⅔ சதவீதங்களைக் கொடுத்து, விலை 4,800 என்றேன். எட்டில் ஒன்று போனால் எட்டில் ஏழு, ஆறில் ஒன்று போனால் ஆறில் ஐந்து என்று பெருக்கி 3,500 என்று எழுதினான். "இப்போது சூத்திரத்தில் போடு" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டான்.