பில்லில் புது பிஸ்டன், இன்ஜினுக்குள் பழைய பிஸ்டன்: புல்லட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

காஸ்ட் அயர்ன் புல்லட்டின், அதாவது வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய ராயல் என்ஃபீல்டு வண்டியின், இன்ஜினைப் பிரித்துக் கட்டக் கொடுக்க நினைப்பவர்கள், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவர்கள் செய்த விதம் தெரிந்தால் போதும்.

வண்டி என் அப்பாவுடையது. எழுபதுகளில் திருவொற்றியூரில் தயாரான 350. வலது காலில் கியர், இடது காலில் பிரேக், 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). நீலப் புகை தள்ளத் தொடங்கியது, ஆயிலும் குறைந்துகொண்டே வந்தது. சென்னைப் புறநகரில் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் ஒரு கடையில் விட்டேன். சிலிண்டரை 40 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸுக்குப் போரிங் செய்து, அதாவது உள்ளே கடைந்து அகலமாக்கி, புது பிஸ்டன் செட் போட்டு, 'சில்லறைச் சாமான்கள் அனைத்தும் மாற்றி' தருவதாகச் சொன்னார்கள். 46,000 ரூபாய் வாங்கினார்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டேன். காயலான் கடைக்குப் போய்விட்டன என்றார்கள். பில்லில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக எழுதித் தரும்படி கேட்டேன். 'இன்ஜின் வேலை, போரிங், பிஸ்டன் செட், இதர சாமான்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

முதல் ஆயில் மாற்றும் தூரம்கூட வண்டி ஓடவில்லை. ஒரு நாள் நெடுஞ்சாலையில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு கிக்கரை மிதித்தால் கம்ப்ரஷனே இல்லை, கால் எதிர்ப்பில்லாமல் இறங்கியது. கடைக்காரர் இன்ஜினைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "விரட்டியிருக்கிறீர்கள் சார், பிஸ்டன் சூடாகி சிலிண்டரோடு பிடித்துவிட்டது. புது போரை அப்படி ஓட்டக் கூடாது" என்று சொல்லி, மறுபடியும் போரிங், மறுபடியும் பிஸ்டன் என்று ஒரு தொகையைச் சொன்னார். கூடவே ஆயில் டேங்கின் மூடியைத் திறந்து, இன்ஜினைச் சுற்றவிட்டு, "பாருங்கள், ஆயில் நன்றாக வருகிறது. எங்கள் வேலையில் குறையே இல்லை" என்றார்.

வண்டியைக் குட்டியானையில் ஏற்றி, காஞ்சிபுரத்தில் இருக்கும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். புல்லட் இன்ஜினிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் ஹெட்டைக் கழற்றினார். சிலிண்டரை உருவியதும் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். இடப்பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஓர் ஆழமான கோடு, நகம் வைத்தால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு. மற்ற மூன்று பக்கமும் சுத்தம்.

"தம்பி, சூட்டில் பிடித்த பிஸ்டன் முன்னும் பின்னும்தான் தேய்க்கும். இது பக்கவாட்டில் இருக்கிறதே" என்றார்.

கனெக்டிங் ராட் சாயும் திசை வண்டியின் முன்னும் பின்னும். அதனால் பிஸ்டன் சுவரை அழுத்துவதும் அந்த இரண்டு பக்கங்களில்தான். சூட்டில் பிடித்தாலும் காயம் பெரும்பாலும் அங்கேதான் விழும். பிஸ்டனையும் ராடையும் இணைக்கும் கட்ஜன் பின் இடம் வலமாகக் கிடக்கிறது. அதன் இரு முனைகளிலும் பின் நகராமல் தடுக்கிற எஃகுக் கிளிப்புகள் உண்டு. என் சிலிண்டரில் இருந்த கோடு பின்னுக்கு நேர் எதிரே இருந்தது. இடப்பக்கக் கிளிப் தன் பள்ளத்தில் இல்லை. அதன் உடைந்த துண்டு பிஸ்டனின் அலுமினியத்தில் புதைந்து கிடந்தது. வலப்பக்கக் கிளிப்பைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு முனைகளிலும் பிளையர் கடித்த தடங்கள். விரலால் அழுத்தினால் எதிர்த்துத் தள்ள வேண்டிய கிளிப், அழுத்திய இடத்திலேயே நின்றது. ஒருமுறை கழற்றிய கிளிப்பைத் திரும்பப் போடக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். கழற்றும்போது வளைந்து விறைப்பை இழந்துவிடுகிறது. பிஸ்டன் மேலும் கீழும் அதிரும்போது பள்ளத்திலிருந்து வெளியே வந்துவிடுகிறது. ஒரு டீக்காசு விலையுள்ள பொருள்.

புது பிஸ்டன் செட் என்றால் ரிங், பின், கிளிப் எல்லாம் பெட்டிக்குள்ளேயே வரும். பிறகு பழைய கிளிப் எங்கிருந்து வந்தது? பெரியவர் பிஸ்டன் தலையிலிருந்த கரியைத் துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். 020 என்று முத்திரை தெரிந்தது. அப்பா காலத்தில் போட்ட அதே 20 தௌ பிஸ்டன். 40 தௌ போரிங் செய்திருந்தால் சிலிண்டர் 71 மி.மீ. சுமாருக்கு வந்திருக்க வேண்டும். அளந்து பார்த்தால் 70.5-க்குச் சற்று மேல், அதாவது பழைய அளவும் அதன் தேய்மானமும். சுவரை மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு, பழைய பிஸ்டனில் புது ரிங் மட்டும் மாட்டியிருக்கிறார்கள். நடக்காத போரிங்குக்கும் வாங்காத பிஸ்டனுக்கும் பணம் கொடுத்திருக்கிறேன்.

அடுத்து அவர், வால்வுகளைத் திறக்கும் காம்களையும் அவற்றின் பல்சக்கரங்களையும் மூடியிருக்கும் டைமிங் கவரைத் திறந்தார். இந்த இன்ஜினில் ஃபீட் பம்ப் தள்ளும் ஆயில், டைமிங் கவரிலுள்ள துளை வழியாகக் கிராங்கின் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) முனைக்குள் நுழைந்து, கனெக்டிங் ராடின் கீழ்முனையான பிக் எண்டில் இருக்கும் புஷ்ஷுக்குப் போகிறது. கவரும் கிராங்கும் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்ன சீல் இருக்கும். பழைய வண்டிகளில் கார்க், இப்போது கிடைப்பது ரப்பர். கவரைத் திறந்தால் இதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். என் வண்டியில் இருந்த கார்க் கருகி, தொட்டதும் உதிர்ந்தது. அந்த இடைவெளியில் ஆயில் பிக் எண்டுக்குப் போகாமல் டைமிங் கவருக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

கடைக்காரர் மூடியைத் திறந்து காட்டிய ஆயிலுக்கு அர்த்தம் இப்போதுதான் விளங்கியது. இந்த வண்டியில் இரண்டு பம்புகள். டேங்கில் நாம் பார்க்கும் ஆயில், ரிட்டர்ன் பம்ப் கீழிருந்து இழுத்து அனுப்புவது. டைமிங் கவருக்குள் வீணாகக் கொட்டிய ஆயிலும் கீழே இறங்கி, ரிட்டர்ன் பம்ப் வழியாக டேங்குக்கே திரும்பிவிடும். பிக் எண்டுக்கு ஒரு சொட்டுப் போகாவிட்டாலும் டேங்கில் ஆயில் வருவது தெரியும். அதைக் காட்டி யாராவது தைரியம் சொன்னால் நம்பாதீர்கள். என் வண்டியில் பிக் எண்டிலுள்ள அந்த ஃப்ளோட்டிங் புஷ் இன்னும் கெடவில்லை. கிளிப் முதலில் கழன்றதால் இன்ஜின் நின்று, கிராங்க் தப்பியது.

எனக்கு அதிகம் வலித்தது இதற்குப் பிறகு தெரியவந்த விஷயம். டைமிங் கவருக்குள் என் காம்கள் இல்லை. சென்ற ஆண்டு கவர் ஒழுகியபோது திறந்து எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன. பழைய மெக்கானிக் ஒருவர் அடையாளத்துக்காகப் பல்சக்கரத்தில் போட்ட சென்டர் பஞ்ச் புள்ளிகள் அவற்றில் தெளிவாகத் தெரிகின்றன. இப்போது உள்ளே இருப்பவை வேறு. புதியவை, ஆனால் பல் வெட்டு ஒழுங்கில்லாமல் ஊளையிடுபவை. அவற்றைப் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. பில்லிலும் அவை இல்லை. தேய்மானமே இல்லாத பழைய காம்களுக்குச் சந்தையில் என்ன மதிப்பு என்று இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மாற்ற வேண்டிய மலிவான பாகத்தை மாற்றாமல் விட்டார்கள். கைவைக்கவே கூடாத நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டார்கள். இரண்டும் ஒரே கணக்கில் வருகிற திருட்டு.

அதனால் எதை மாற்றலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்பதைக் கடைக்காரரிடம் விட்டுவிடாதீர்கள். 'எல்லாம் புதிது' என்று கேட்டுத் திருப்தி அடைவதும் சரியல்ல. பிஸ்டன் கிளிப், ஸ்பிளிட் பின், மடக்கிப் பூட்டும் லாக் வாஷர், பேக்கிங்குகள், ஆயில் சீல், அந்தக் கார்க் ஆகியவற்றைத் திரும்பப் போடவே கூடாது. லாக் வாஷரின் நாக்கை ஒருமுறை மடக்கி நிமிர்த்தினாலே அந்த மடிப்பில் விரிசல் தொடங்கிவிடும். வால்வை அழுத்தும் ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் செப்பு வாஷரை மட்டும் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகிவிடும்; நேராக இருந்தால் அதையே போடலாம். வால்வு ஸ்பிரிங்கைப் புதியதன் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்தால் தளர்ந்துவிட்டதா என்று தெரிந்துவிடும். காமுக்கும் ராக்கருக்கும் நடுவிலுள்ள கம்பியான புஷ்ராடைக் கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள், தள்ளாடாமல் உருண்டால் அதுவே போதும். காம், டைமிங் பல்சக்கரம், ராக்கர் ஆகியவற்றில் குழியோ உரிதலோ இல்லையென்றால் பழையதுதான் உங்கள் வண்டிக்கு நல்லது. போல்ட்டுகளிலும் கவனம் வேண்டும். அக்கால வண்டிகளில் இருப்பது அங்குலக் கணக்கிலான பிரிட்டிஷ் மரை. ஒரு போல்ட் தொலைந்துவிட்டது என்று மெட்ரிக் போல்ட்டை முறுக்கி ஏற்றினால் அலுமினிய கேஸின் மரை போய்விடும். என் டைமிங் கவரில் இரண்டு துளைகளை அப்படித்தான் கெடுத்திருக்கிறார்கள்.

வண்டியை விடும்போது இன்ஜின் எண்ணையும், இன்ஜினைப் பிரித்ததும் காம், பிஸ்டன் தலை எல்லாவற்றையும் கடைக்காரரின் முன்னிலையிலேயே படம் எடுங்கள். பழைய பாகங்களைப் பையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று முன்பணச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். சிலிண்டர் லேத்திலிருந்து வந்ததும், மாட்டுவதற்கு முன், அளவைக் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற கடையில் வண்டியை விட வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா இருந்துவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாட்டுக்கும், பில் தராமல் இருப்பதற்கும் எதிராகப் புகார் கொடுக்க இடம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. 1915 என்ற எண்ணில் அழைத்தால் வழி சொல்வார்கள். இன்ஜினை இன்னொருவர் திறக்கும்போது வீடியோ எடுங்கள். கழற்றிய பாகங்களைத் துடைக்காமல் அப்படியே கவரில் போட்டு வையுங்கள். 020 முத்திரையின் படமும் பிளையர் தடம் பதிந்த கிளிப்பும்தான் என் புகாரின் முதுகெலும்பு.

சிலிண்டர் இப்போது உண்மையிலேயே 40 தௌவுக்குப் போரிங் ஆகியிருக்கிறது. நான் நின்று பார்த்தேன். கடைக்காரர் பாதிப் பணத்தைத் தருவதாக ஆள்மூலம் சொல்லி அனுப்பினார். நான் சம்மதிக்கவில்லை. முழுப் பணத்தோடு அப்பாவின் இரண்டு காம்களையும் திருப்பித் தர வேண்டும் என்று புகாரில் கேட்டிருக்கிறேன்.