சொந்தம் என்று விற்றார்கள், பதிவேட்டில் வாடகை: செட்டாப் பாக்ஸில் போன என் 1,800 ரூபாய்

கேபிள் இணைப்புக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். இன்று காலைதான் எனக்கு இறுதிப் பதில் கிடைத்தது. இன்னும் கை நடுங்குகிறது.

எட்டு மாதங்களுக்கு முன் எங்கள் பகுதி கேபிள் ஆபரேட்டரின் ஆள் வீட்டுக்கு வந்து, வாடகை எதற்கு, முழுத் தொகையும் கொடுத்துவிட்டால் பெட்டி எனக்கே சொந்தம் என்றும், பின்னால் வேறு ஆபரேட்டருக்கு மாறினாலும் அதையே கொண்டுபோகலாம் என்றும் சொன்னார். என் அம்மாவின் அருகில் உட்கார்ந்து, ரிமோட்டில் எந்தச் சேனல் எந்த எண்ணில் வரும் என்று அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்தபோது, இவரிடம் ரசீது கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. 1,800 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தேன். மாதச் சந்தா குறிக்கும் அட்டையில் 'பாக்ஸ் 1,800' என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டார்.

படம் அடிக்கடி கட்டம் கட்டமாக உடைந்து நின்றதால் வேறு ஆபரேட்டரை அழைத்தேன். வந்த இளைஞர் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்ததுமே, இது எங்கள் லைனில் ஓடாது என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு நிறுவனமும் சிக்னலைத் தன் முறையில் பூட்டி அனுப்புவதால், அந்தப் பூட்டைத் திறக்கும் வசதி அதன் பெட்டியில் மட்டுமே இருக்கிறது. எந்த ஆபரேட்டருக்கும் பொருந்தும் பெட்டியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலிலேயே பரிந்துரைத்தது. எனக்கு விற்கப்பட்டது அப்படிப்பட்ட பெட்டி அல்ல என்பது விற்றவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

பழைய ஆபரேட்டரின் அலுவலகத்தில் முதல் முறை "பையன் தெரியாம சொல்லியிருப்பான் சார்" என்றார்கள். அடுத்த முறை ஓனர் ஊரில் இல்லை. வாடிக்கையாளர் சேவையில் நான் பதிந்த இரண்டு புகார்களும், யாரும் என்னிடம் பேசாமலேயே தீர்க்கப்பட்டதாக முடிக்கப்பட்டன. இன்று காலை சொன்னதுதான் என்னால் தாங்க முடியாதது: என் பெயரில் இருப்பது வாடகைப் பெட்டியாம், இணைப்பை நிறுத்தினால் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டுமாம். 1,800 ரூபாயும் இல்லை, பெட்டியும் இல்லை.

விலைக்கா வாடகைக்கா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ரசீது இல்லாமல் ரொக்கம் கொடுக்காதீர்கள். விண்ணப்பப் படிவத்தின் நகலை அன்றைக்கே கேளுங்கள். வேறு ஆபரேட்டரிடம் ஓடும் என்று யாராவது சொன்னால், அந்த ஆபரேட்டரையே கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.