ஏர்கான் சர்வீஸ், மருதாணி, டியூஷன்: எந்தத் தொழிலுக்கு எந்தச் சமூக ஊடகம்?

சிங்கப்பூரில் தனியாளாகச் சேவைத் தொழில் நடத்தும் நம்மவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி, "இன்ஸ்டாவில் போடலாமா, டிக்டாக்கில் போடலாமா?" என்பதுதான். வாடிக்கையாளர் எந்த நேரத்தில், என்ன மனநிலையில் ஆள் தேடுகிறார் என்று முதலில் பார்த்தால் இதற்குப் பதில் தானாகவே வந்துவிடும். ராத்திரி பதினொரு மணிக்கு ஏர்கானிலிருந்து கட்டில்மேல் தண்ணீர் சொட்டும்போது யாரும் ரீல்ஸ் பார்க்க உட்கார மாட்டார்கள். கூகுளில் தேடுவார்கள், இல்லையென்றால் புளோக் வாட்ஸ்அப் குழுவில் கேட்பார்கள். தை மாதம் கல்யாணம் வைத்திருக்கும் பெண்ணுக்கு அந்த அவசரம் இல்லை. மருதாணிக் கைகளின் படங்களை மாதக்கணக்கில் சேமித்துவைத்து, அம்மாவிடம் காட்டி, தோழிகளிடம் கேட்டு, அப்புறம்தான் முடிவு செய்வார். பிள்ளைக்குத் தமிழ் டியூஷன் தேடும் பெற்றோருக்குப் படமெல்லாம் பெரிதில்லை. தெரிந்த இன்னொரு பெற்றோர், "நல்லாச் சொல்லிக்கொடுக்கிறார்" என்று சொன்னால் போதும்.

இந்த மூன்று தொழில்களையும் மனத்தில் வைத்துத்தான் கீழே ஒவ்வொரு தளத்தையும் எடைபோட்டிருக்கிறேன்.

கூகுளா, கரோசலா?

கூகுள் பிசினஸ் புரொஃபைலைப் பலர் சமூக ஊடகக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்ற பெயரில் இருந்ததுதான் இது. ஏர்கான், பிளம்பிங், மின்சார வேலை, பூட்டுத் திறப்பு போன்ற தொழில்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் உறுதியான கருத்து. கட்டணமும் இல்லை. கடை வைத்திருக்காதவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த வட்டாரங்களுக்குப் போவீர்கள் என்பதை மட்டும் காட்டலாம்.

அக்கம்பக்கத் தேடலில் யாரை மேலே காட்டுவது என்பதற்கு கூகுள் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: தேடியதற்கு நீங்கள் பொருத்தமானவரா, எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள், எந்த அளவுக்கு அறியப்பட்டவர். தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கின்றன, அவற்றில் பெரிய பங்கு ரிவியூவுக்கு உண்டு. "குட் சர்வீஸ்" என்று இரண்டே சொல்லில் வரும் ஐந்து நட்சத்திரத்தைவிட, "செங்காங் வீட்டில் மூன்று அறை ஏர்கான் (சிஸ்டம் 3), நடு அறையில் தண்ணீர் ஒழுகியது, அன்றைக்கே வந்து சரிசெய்தார்" என்று ஒருவர் எழுதுவது பல மடங்கு மதிப்புள்ளது. அதே பிரச்சினையோடு தேடுகிற அடுத்த ஆள் அதைப் படித்துவிட்டுத்தான் போனை எடுப்பார். அதனால் வேலை முடிந்ததும், "என்ன பிரச்சினை, எப்படிச் சரியாச்சு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள் அக்கா" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். ரிவியூ எழுதினால் ஐந்து வெள்ளி தள்ளுபடி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சலுகை கொடுத்து ரிவியூ வாங்குவது கூகுள் விதிக்குப் புறம்பானது. பிடிபட்டால் ரிவியூக்கள் நீக்கப்படலாம்.

கரோசல் 2012இல் சிங்கப்பூரிலேயே பிறந்த, வாங்கி விற்கும் தளம். சேவைகளுக்கென்று தனிப்பிரிவும் வைத்திருக்கிறது. கூகுளில் தேடுபவர் தன் பிரச்சினைக்கு ஆள் தேடுகிறார். கரோசலுக்கு வருபவர் பெரும்பாலும் விலை தேடுகிறார். "ஏர்கானுக்கு கெமிக்கல் வாஷ் எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, குறைந்த தொகை சொன்னவரை எடுத்துக்கொள்வார். தொழில் தொடங்கிய புதிதில், ரிவியூ எதுவுமே இல்லாத காலத்தில், முதல் சில வாடிக்கையாளர்களைப் பிடிக்க அது உதவும். அதிலேயே தங்கிவிட்டால் விலையைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். ஏர்கான் தொழிலில் வருமானம் நிற்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒப்பந்த வாடிக்கையாளர்களை வைத்து. விலைக்காக வந்தவர் விலைக்காகவே போய்விடுவார். மணப்பெண் மருதாணிக்கு கரோசல் சரிப்பட்டு வராது. தீபாவளிக்கு முன்தினம் பிள்ளைகளுக்குப் போடும் சின்ன டிசைன்களுக்கு வேண்டுமானால் போட்டுப் பார்க்கலாம்.

இன்ஸ்டகிராமா, டிக்டாக்கா?

மருதாணி, மணப்பெண் ஒப்பனை, முடி அலங்காரம், மேடை அலங்காரம் என்று வேலை கண்ணுக்குத் தெரியும் தொழிலுக்கு இன்ஸ்டகிராம்தான் என்று தயங்காமல் சொல்வேன். பழைய படங்கள் வரிசையாக அங்கேயே நிற்கின்றன என்பது முதல் காரணம். ஒரு பெண் உங்கள் பக்கத்துக்குள் வந்து கீழே போய்க்கொண்டே இருந்தால், மூன்று வருட வேலையைச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். டிக்டாக்கில் ஒவ்வொரு வீடியோவும் தனித்தனியாக வந்து போகும், பக்கத்துக்குள் நுழைந்து பார்ப்பவர் குறைவு.

இரண்டாவது காரணம் கல்யாண வேலை கைமாறும் விதம். ஒரே கல்யாணத்தில் வேலை செய்த புகைப்படக்காரர், அலங்காரக்காரர், ஒப்பனைக்காரர், மருதாணிக்காரர் எல்லோரும் ஒருவரையொருவர் டேக் செய்யலாம், ஒரே பதிவைக் கூட்டாகவும் வெளியிடலாம். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலின் பி.ஜி.பி. மண்டபத்தில் நடந்த ஒரு கல்யாணப் பதிவில் மண்டபத்தையும் இடமாகக் குறித்துவிட்டால், அதே மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அடுத்த மணப்பெண் வீட்டார் கண்ணில் அது படும். மணப்பெண்ணிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போடுங்கள். முகம் வேண்டாம், கை மட்டும் போதும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அதை மதிக்க வேண்டும்.

டிக்டாக்கின் பலம் வேறு. உங்களைத் தொடராதவர்கள் முன்னாலும் அது வீடியோவைக் கொண்டுபோய்க் காட்டும். ஏர்கான் பிளோயரில் அடைத்துக் கிடக்கும் கறுப்பு அழுக்கைத் தண்ணீர் அடித்துக் கழுவும் வீடியோவை ஜனங்கள் ஆர்வமாகப் பார்க்கிறார்கள். பார்ப்பவர் சிங்கப்பூரில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. தமிழில் பேசி வீடியோ போடுபவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். இந்தியா 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்துவிட்டதால், டிக்டாக்கில் தமிழ் வீடியோவுக்குத் தமிழ்நாட்டுப் பார்வையாளர்கள் அனேகமாகக் கிடையாது. இங்குள்ளவர்கள், மலேசியத் தமிழர்கள், இலங்கை, வளைகுடா என்றுதான் போகும். இன்ஸ்டா ரீல்ஸ் தமிழ்நாடு முழுக்கப் பாயும். ஒரு லட்சம் பார்வை கிடைத்து, அதில் முக்கால்வாசி சேலத்திலும் மதுரையிலும் இருந்தால், யீசூனில் ஏர்கான் கழுவுகிறவருக்கு என்ன பயன்? எண்ணிக்கை ஏறும், போன் ஒலிக்காது. அதனால் எந்தத் தளமானாலும் வீடியோவின் முதல் வரியிலேயே "சிங்கப்பூர்" என்று சொல்லுங்கள், எழுத்திலும் காட்டுங்கள், வட்டாரத்தின் பெயரையும் சேருங்கள்.

மொழியையும் இங்கேயே பேசிவிடலாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகமாகப் பேசுவது தமிழ் என்று சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காடு. ஏர்கான் தொழிலைத் தமிழில் மட்டும் விளம்பரம் செய்தால் இந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே நிற்க வேண்டியதுதான். அதற்கு ஆங்கிலம் வேண்டும். மருதாணிக்கு மலாய் மணப்பெண்களும் வட இந்தியர்களும் வாடிக்கையாளர்கள். அங்கே படம் பேசிவிடும், கீழே இரண்டு வரி ஆங்கிலம் போதும். தமிழ் டியூஷன் விளம்பரத்தை ஆங்கிலத்திலும் எழுதுங்கள் என்று நான் சொல்வது சிலருக்கு மனவருத்தமாக இருக்கலாம். ஆனால் வீட்டில் ஆங்கிலம் பேசும் குடும்பத்துப் பிள்ளைக்குத்தான் அந்த வகுப்பு அதிகம் தேவைப்படுகிறது. அந்தப் பெற்றோரிடம் அவர்களுக்கு எளிதான மொழியில் பேசினால்தான் பிள்ளை தமிழுக்கு வரும்.

ஃபேஸ்புக்: பக்கமா, குழுவா?

குழுதான். சின்னத் தொழிலின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடும் பதிவு, காசு கொடுக்காவிட்டால் மிகச் சிலருக்கே போய்ச் சேர்கிறது. பக்கம் ஒன்று இருக்கட்டும், பெயரைத் தேடிப் பார்ப்பவருக்கு ஓர் ஆதாரம். வியாபாரம் நடப்பது வட்டாரக் குழுக்களிலும் பெற்றோர் குழுக்களிலும். "பொங்கோல் பக்கம் நல்ல தமிழ் டீச்சர் யாராவது தெரியுமா?" என்று ஒருவர் கேட்கும்போது, ஆசிரியரே போய் "நான் இருக்கிறேன்" என்று எழுதுவதற்கும், அவரிடம் படிக்கும் பிள்ளையின் அம்மா பெயரைச் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம். இப்போதுள்ள பெற்றோரிடம் இதை வாய்விட்டுக் கேட்பதில் தப்பே இல்லை.

வீட்டில் வகுப்பு நடத்துபவர்களுக்கு ஒரு நினைவூட்டல். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரே நேரத்தில் 3 மாணவர்களுக்குமேல் சேர்க்கக்கூடாது. வீட்டுக்கு வெளியே விளம்பரப் பலகையோ சுவரொட்டியோ வைக்கவும் அனுமதி இல்லை. ஆகவே இவர்களுக்கு இணையம்தான் பெயர்ப்பலகை. அதில் எம்ஆர்டி நிலையத்தின் பெயரைப் போட்டால் போதும், வீட்டு எண்ணை வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்கு மட்டும் கொடுங்கள்.

எல்லா வழியும் வந்து சேரும் வாட்ஸ்அப்

மேலே சொன்ன எந்தத் தளத்தில் பார்த்தாலும் வாடிக்கையாளர் கடைசியில் வாட்ஸ்அப்பில்தான் விலை கேட்கிறார், நாள் குறிக்கிறார். அங்கே பதில் தாமதமானால் மற்ற இடங்களில் செய்த உழைப்பெல்லாம் வீண். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். அழகழகாக ரீல்ஸ் போடுகிறார்கள், கேட்டு வரும் செய்திக்கு மறுநாள் பதில் சொல்கிறார்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018இல் வந்தது, இலவசம். வேலையில் கை ஈரமாக இருக்கும்போது தானாகப் போகும் பதில், அடிக்கடி வரும் கேள்விக்குத் தயாராக வைத்திருக்கும் பதில், விலைப்பட்டியல், லேபிள் எல்லாம் அதில் உண்டு. சொந்த எண்ணையும் தொழில் எண்ணையும் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

இதற்குள்ளும் ஓர் ஒப்பீடு இருக்கிறது: பிராட்காஸ்டா, ஸ்டேட்டஸா? ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். சட்டத்தையும் பார்க்க வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், விளம்பரம் வேண்டாம் என்பவர்கள் தங்கள் எண்ணைப் பதிந்துவைக்கும் "அழைக்க வேண்டாம்" பதிவேடு 2014 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. சிங்கப்பூர்த் தொலைபேசி எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் விளம்பரச் செய்தியும் அதில் அடங்கும். எங்கிருந்தோ எண்களை வாங்கி எல்லோருக்கும் அனுப்புவது ஆபத்து. ஏர்கான்காரர்கள் வேலை முடித்த கையோடு, "மூன்று மாதம் கழித்து நினைவுபடுத்தட்டுமா?" என்று கேட்டு, "சரி" என்ற பதிலை எழுத்தில் வாங்கிவைத்தால் பிராட்காஸ்டை நிம்மதியாக நடத்தலாம். மருதாணிக்கு ஸ்டேட்டஸ் போதும், விரும்புபவர்தான் திறந்து பார்க்கிறார்.

காசு கொடுத்து பூஸ்ட் செய்யலாமா?

ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவின் விளம்பரத்தில் ஒரு நாளைக்குச் சில வெள்ளியிலிருந்தே தொடங்கலாம் என்பதால் பலர் பூஸ்ட் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். ஏர்கான்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2023இல் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் வீடு சுத்தம் செய்தல், ஏர்கான் சர்வீஸ் போன்ற போலி விளம்பரங்களைக் காட்டி, ஆண்ட்ராய்டு போனில் தீங்கான செயலியை இறக்க வைத்துப் பணத்தைத் திருடினார்கள். காவல்துறை பலமுறை எச்சரித்தது. அதனால் இன்று உண்மையான ஏர்கான் விளம்பரத்தையும் ஜனங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். விளம்பரத்தில் இணைப்பு எதுவும் கொடுக்காதீர்கள், முன்பணம் கேட்காதீர்கள், நிறுவனப் பதிவு எண்ணைக் காட்டுங்கள். பணம் பெறும் பேநவ் சேவையையும் அந்தப் பதிவு எண்ணிலேயே வைத்துக்கொண்டால், பணம் அனுப்பும்போது வாடிக்கையாளரின் திரையில் உங்கள் தொழிலின் பதிவான பெயர் வரும்.

மருதாணிக்கு பூஸ்ட் செய்தால் முகூர்த்த மாதங்களுக்கு மூன்று நான்கு மாதம் முன்னதாகச் செய்யுங்கள். தைக் கல்யாணத்துக்கு மார்கழியில் விளம்பரம் செய்தால் அந்தப் பெண் ஏற்கெனவே வேறொருவருக்கு முன்பணம் கொடுத்திருப்பார். டியூஷனுக்குக் காசு கொடுத்து விளம்பரமே வேண்டாம் என்பேன். மூன்று மூன்று பேராக உட்காரும் வகுப்பை நிரப்பத் தெரிந்த பெற்றோரே போதும்.

புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும், "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் அதற்கொரு லேபிள் போட்டுவிடுங்கள். அடுத்த தீபாவளிக்குள் எந்தத் தளத்துக்கு நேரம் ஒதுக்குவது, எதை விடுவது என்று அந்த லேபிள்களே காட்டிவிடும்.